தாத்தா வாட்ச்சுக்கு ஒரு ஸ்டெம் வேணும்!

போன வாரம் ஹாஸ்டல் சீலிங் ஃபேனுக்கு கெப்பாசிட்டர் மாத்தினதைப் படிச்சுட்டு, 'எங்க ரூம் ஃபேன் இப்போ ஹெலிகாப்டர் மாதிரி சுத்துது'னு ரெண்டு பேர் சொன்னாங்க. அந்தத் தெம்பில் இந்த வாரமும் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு வரலாம்னு பார்த்தா... முடியலை. காரணம், இந்த வாரம் ரிப்பேருக்கு வந்த பொருளை உடைச்சதே நான்தான்!

பொருள்: தாத்தாவோட ஹெச்.எம்.டி. ஜனதா வாட்ச். உடைஞ்சது: ஒரு மில்லிமீட்டர்கூட தடிமன் இல்லாத ஒரு குட்டிக் கம்பி. அந்தக் கம்பியைத் தேடி நான் அலைஞ்ச கதைதான் இது. உங்க வீட்டு பீரோவிலும் ஒரு வாட்ச் தூங்கிக்கிட்டு இருந்தா, கொஞ்சம் கவனமா படிங்க. நான் பண்ணின தப்பை நீங்க பண்ண வேண்டாமே!

விடிஞ்சிடுச்சுன்னு நினைச்சு...

ஈ.சி.ஆர்-ல சென்னையிலேர்ந்து பாண்டிச்சேரி போற பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சவங்களுக்கு எங்க ஊர் நல்லா தெரியும். திடீர்னு ரோட்டோரம் பாத்தி பாத்தியா தண்ணி மின்னும். வரப்புல வெள்ளை வெளேர்னு குவியல் குவியலா உப்பு கிடக்கும். 'ஏய், சூப்பர்டா'னு செல்ஃபி எடுப்பீங்களே, அதே மரக்காணம்தான்!

தாத்தா அந்த உப்பளத்துல ஆயுசுக்கும் வேலை பார்த்தவர். வெயில் ஏறுறதுக்குள்ள உப்பை வாரி முடிக்கணும். அதனால இருட்டோட போயாகணும். வாட்ச் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பௌர்ணமி அன்னிக்கு, நிலா வெளிச்சத்தைப் பார்த்து விடியப்போகுதுன்னு நினைச்சு, ராத்திரி ஒரு மணிக்கே பாத்தியில போய் நின்னாராம். 'ஒரு தடவையா? மூணு தடவை!'னு பாட்டி இன்னிக்கும் சொல்லிச் சிரிக்கும். அந்த அவமானம் தாங்காம, எண்பதுகள்ல ஒரு சீசன் கூலியில மிச்சம் பிடிச்சு, பாண்டிச்சேரிக்குப் போய் வாங்கிட்டு வந்ததுதான் இந்த ஜனதா.

இப்போ தாத்தாவுக்கு வேலை இல்லை. கண்ணும் சரியா தெரியாது. உப்பளத்துல அது சகஜம். வெள்ளை உப்பு வெயிலைத் திருப்பி மூஞ்சியிலேயே அடிக்கும். வருஷக்கணக்கா அதைப் பார்த்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்? வாட்ச்சில் முள்ளு எங்கே இருக்குன்னு அவருக்குத் தெரியாது. ஆனாலும் தினம் காலையில சாவி கொடுப்பார். எண்ணி இருபது திருகு. அப்புறம் காதுகிட்ட வெச்சுக் கேட்பார். டிக் டிக் கேட்டதும் கையில கட்டிக்கிட்டு, என்கிட்ட திரும்பிக் கேட்பார்... 'மணி என்ன பாப்பா?'

சிரிக்காதீங்க. நானும் சிரிச்சிருக்கேன்.

மெக்கானிக்கல்னு ஒரு திமிர்

செம் லீவுல வீட்டுக்குப் போயிருந்தேன். 'சாவி ரொம்ப இறுகுது பாப்பா'ன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். 'கொடுங்க தாத்தா, நான் மெக்கானிக்கல் தேர்ட் இயர்'னு வாங்கி, பல்லைக் கடிச்சு ஒரு திருகு திருகினேன். 'டிக்'னு ஒரு சத்தம். சாவியும் அதோட ஒட்டின பாதிக் கம்பியும் என் கையில. மீதிப் பாதி வாட்ச்சுக்குள்ள.

தாத்தா திட்டலை. 'பரவால்ல பாப்பா. பழசுதானே'ன்னு சொல்லிட்டு வெளியே போயிட்டார். மறுநாள் காலையில எழுந்து பார்க்கிறேன்... திண்ணையில உட்கார்ந்து, ஓடாத வாட்ச்சை எடுத்துக் காதுல வெச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கார். பழக்க தோஷம். அதைப் பார்த்தப்புறம் என்னால இட்லி சாப்பிட முடியலை பாஸ்.

ஏன் உடைஞ்சதுன்னு யோசிச்சேன். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில 'கரோஷன்'னு ஒரு யூனிட் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? எக்ஸாமுக்காக மனப்பாடம் பண்ணி மறந்தோமே, அதேதான். சாதா உப்பு, காத்துல ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினா, அந்த ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிச்சிடும். கடல் உப்புல கலந்திருக்கிற மெக்னீஷியம் குளோரைடு இன்னும் மோசம். சுமார் 33 சதவிகிதத்துலேயே ஈரத்தை இழுக்கும். எங்க ஊர் ராத்திரிக் காத்துல ஈரத்துக்குப் பஞ்சமா என்ன? கையில ஒட்டின உப்பு, வியர்வையோட சேர்ந்து வாட்ச்சுக்குள்ள நுழையுற ஒரு வாசல், சாவி இருக்கிற ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ள இருக்கிறது எஃகுக் கம்பி. இரும்பு துருப்பிடிச்சா பருமன் கூடும். ஓட்டையில இறுகிப்போய் நிக்கும். அதைப் போய் ஒரு அறிவாளி பலமா திருகினா..?

அந்தக் கம்பிக்குப் பேர்தான் 'ஸ்டெம்'. ஒரு முனையில சாவி. இன்னொரு முனை மெஷினுக்குள்ள. சாவி கொடுக்கிறது, முள்ளைத் திருப்புறது எல்லாம் இந்தக் கம்பி வழியாத்தான். மத்த எல்லாம் நல்லா இருந்தாலும், இது போனா வாட்ச்சுக்கு சோறு போட வழியில்லை.

கம்பெனியே இல்லையே!

முதல்ல எங்க ஊர் பஜார். பேட்டரி மாத்துற கடை அண்ணன் வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, 'ஸ்பேர் வராதும்மா. கம்பெனியே மூடிட்டாங்க. 300 ரூபாய்க்கு புதுசு தரேன், தாத்தாவுக்குக் கட்டிவிடு'ன்னார். அவர் மேல தப்பில்லை. கொஞ்சம் ஃப்ளாஷ்பேக் பார்த்தா உங்களுக்கே புரியும்.

ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், சுருக்கமா ஹெச்.எம்.டி., 1953-ல் ஆரம்பிச்ச மத்திய அரசு நிறுவனம். பேர்லேயே இருக்கிற மாதிரி, முதல்ல செஞ்சது லேத் மாதிரியான இயந்திரங்கள்தான். 1961-ல் ஜப்பான் சிட்டிசன் நிறுவனத்தோட கைகோத்து பெங்களூர்ல வாட்ச் பண்ண ஆரம்பிச்சாங்க. அப்புறம் கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு ஹெச்.எம்.டி., பத்தாவது பாஸானா ஹெச்.எம்.டி., ரிட்டயர் ஆனா ஹெச்.எம்.டி.! நம்ம அப்பா, தாத்தா கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்க. மாப்பிள்ளை வேணும்னே கையை முன்னாடி வெச்சு போஸ் கொடுத்திருப்பார்.

1969-ல் ஜப்பான்ல செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விட்டது. பேட்டரி போட்டா போதும், சாவி கொடுக்க வேண்டாம், நேரமும் துல்லியம். அது உலகத்தையே புரட்டிப் போட்டுச்சு. நம்ம பக்கம் 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பிச்சாங்க. ஓசூர்ல தொழிற்சாலை, குவார்ட்ஸ்தான் குறி. சாவி கொடுக்கிற வாட்ச்சுகள் மெள்ள மெள்ள பீரோவுக்குள்ள போச்சு. 2016 ஜனவரியில, ஹெச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துடுச்சு. ஆக, 'ஸ்பேர் பார்ட் எங்கே கிடைக்கும்?'னு கேட்க, வாட்ச் செஞ்ச தொழிற்சாலையே கிடையாது.

மொபைல், டி.வி-க்கெல்லாம் 'ரிப்பேர் பண்ணிக்கிறது வாடிக்கையாளர் உரிமை'ன்னு 2022-ல் மத்திய அரசு தனியா ஒரு போர்ட்டலே ஆரம்பிச்சிருக்கு. நல்ல விஷயம்தான். ஆனா, கம்பெனி உயிரோட இருந்தாத்தானே சட்டையைப் பிடிச்சு ஸ்பேர் கேட்க முடியும்?

ரெண்டாவது தப்பு, மூணாவது தப்பு

அசரலை நான். ஆன்லைன்ல 'ஹெச்.எம்.டி. ஜனதா ஸ்டெம்'னு தேடி, கண்ணுக்குத் தெரிஞ்ச முதல் பாக்கெட்டை ஆர்டர் போட்டேன். 180 ரூபாய். வந்துச்சு. உடைஞ்ச துண்டையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா, ஒண்ணு கத்திரிக்காய், ஒண்ணு முருங்கைக்காய்! வித்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் எந்த மெஷினுக்குன்னு நம்பர் போட்டிருந்தார். நான்தான் படிக்கலை.

இது ரெண்டாவது தப்பு. மூணாவது இன்னும் கொடுமை. உள்ள மாட்டியிருக்கிற பாதிக் கம்பியை வெளியே எடுக்கணும்ல? பின் மூடியைத் திறந்தா, ஸ்டெம்மைப் பிடிச்சு வெச்சிருக்கிற ஒரு சின்ன லீவர் இருக்கும். சில மாடல்ல ஒரு புள்ளியை அழுத்தணும். என்னோடதுல ஒரு ஸ்க்ரூ. அதை ரெண்டு சுத்து தளர்த்தினா போதும், கம்பி வந்துடும். நான் என்ன பண்ணினேன்? முழுசா கழட்டிட்டேன். உள்ளே 'டொக்'. லீவர் டயலுக்கு அடியில விழுந்துடுச்சு. இனி முள்ளைக் கழட்டி, டயலைக் கழட்டினாத்தான் அதைத் திரும்ப மாட்ட முடியும்.

வாட்ச்சை, உடைஞ்ச துண்டை, சாவியை, கழட்டின ஸ்க்ரூவை எல்லாம் ஒரு டிபன் பாக்ஸ்ல போட்டுக்கிட்டு பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். அந்த டிபன் பாக்ஸை மடியில வெச்சுக்கிட்டு, மூச்சைக்கூட மெதுவா விட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட் அக்கா, 'உள்ள என்னம்மா, பாம்பா?'ன்னு கேட்டாங்க!

'நம்பர் என்னம்மா?'

நாலு கடை ஏறி இறங்கினப்புறம், அஞ்சாவதா ஒருத்தர் கைகாட்டி விட்ட இடம் அது. மாடிப்படிக்கு அடியில ஒரு மேஜை, ஒரு லைட், ஒரு பெரியவர். கண்ணுல லென்ஸ் மாட்டியிருந்தார். 'பேரெல்லாம் பத்திரிகையில போட்டுடாதே, கூட்டம் வந்தா என் கண்ணு தாங்காது'ன்னு சொல்லிட்டதால, அவர் நமக்கு ஐயா. அவ்வளவுதான்.

டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினேன். சிரிக்கலை. முதல் கேள்வியே, 'நம்பர் என்னம்மா?'

'ஜனதா ஐயா.'

'அது சட்டையோட பேரு. உள்ள இருக்கிற மெஷினோட நம்பரைக் கேட்டேன்.'

லென்ஸை என் கண்ணுல மாட்டிவிட்டு மெஷினைக் காட்டினார். பொடி எழுத்துல 0231. அப்போதான் எனக்குப் புரிஞ்சுது. வாட்ச் பேர் வேற, மெஷின் பேர் வேற. ஒரே இன்ஜினை நாலு கார்ல போடுற மாதிரி, இதே 0231 மெஷின் ஜனதாவுல இருக்கும், பைலட்லேயும் இருக்கும். டயல், பேர், அழகுதான் வேற. அதனால 'ஜனதா ஸ்டெம்'னு தேடாம '0231 ஸ்டெம்'னு தேடணும். ஹெச்.எம்.டி. மட்டும் இல்லை, எந்த ஊர் வாட்ச்சா இருந்தாலும் இதே கதைதான். மெஷின் மேல ஒரு நம்பர் இருக்கும். சில கம்பெனி வாட்ச்கள்ல அது பேலன்ஸ் வீலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும்.

'உடைஞ்ச துண்டைத் தூக்கிப் போடாம கொண்டாந்தே பாரு... அதுக்கு உனக்குப் பத்துக்கு அஞ்சு மார்க்'ன்னார். மீதி அஞ்சு, ஸ்க்ரூவை முழுசா கழட்டினதால கட்!

'என்கிட்ட உடனே எடுத்துக் கொடுக்க இல்லை. ஞாயித்துக்கிழமை வா. சந்தையில ஓடாத 0231 ஏதாச்சும் கிடைக்குதா பாரு. அதுல இருக்கிற ஸ்டெம்மை எடுத்துக்கலாம்'ன்னு அனுப்பிவெச்சார்.

சந்தையில ஒரு பிணம் தேடி...

பாண்டிச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட் தெரியும்ல? ஜீன்ஸ், செருப்பு, பழைய புத்தகம், பாத்திரம்னு ரோடு முழுக்கக் கடை. ஒரு இடத்துல தார்ப்பாய் மேல பழைய வாட்ச்கள் குவியலா கிடந்துச்சு. ஒரு மணி நேரம் கிளறினேன். ஐயா சொல்லிக் கொடுத்தபடி, பளபளன்னு இருக்கிறதை எல்லாம் ஒதுக்கினேன். பழைய வாட்ச்சுக்குப் புது பெயின்ட் அடிச்சு, நாலு வாட்ச் உறுப்பை ஒண்ணாக் கோத்து விக்கிறது இந்த உலகத்துல சர்வசாதாரணம். பின்மூடியில துரு, கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படிஞ்ச மாதிரி கறை... இதெல்லாம் தண்ணி புகுந்ததுக்கு அடையாளம். அதையும் ஒதுக்கினேன். கடைசியில, கண்ணாடி விரிசல் விட்ட, சாவி மட்டும் உறுதியா இருந்த ஒரு ஜனதா. 300 ரூபாய். ஓடலை. சந்தோஷமா வாங்கினேன்!

ஐயா வீட்டுப் படிக்கட்டு ஏறுறப்போ சும்மா நாலு திருகு திருகினேன். டிக்... டிக்... டிக்... ஓட ஆரம்பிச்சிடுச்சு! சாவி கொடுக்காம கிடந்திருக்கு, அவ்வளவுதான்.

ஐயா திறந்து பார்த்தார். 0231-தான். ஸ்டெம் பளிச்சுன்னு இருந்துச்சு. எனக்கு அவசரம். 'எடுத்து இதுல மாட்டிடுங்க ஐயா'ன்னேன்.

அவர் லென்ஸைக் கழட்டிட்டு என்னைப் பார்த்தார். 'ஓடாததைத்தானே வாங்கிட்டு வரச் சொன்னேன்? இது ஓடுதேம்மா. இதுல எடுத்தா இது நின்னுடும். ஒண்ணு பிழைக்க இன்னொண்ணு சாகணுமா?'

'இது யாரோடதுன்னே தெரியாதே ஐயா...'

'உங்க தாத்தாவோடதும் நாளைக்கு ஒருநாள் சந்தைக்கு வந்தா, யாரோடதுன்னு தெரியாதுதான்.'

நான் வாயை மூடிக்கிட்டேன். மனசுக்குள்ள மட்டும், 'இன்னும் எத்தனை ஞாயித்துக்கிழமை?'னு கணக்கு ஓடுச்சு. லீவு முடிய ஒன்பது நாள்தான் இருந்துச்சு.

பேர் இல்லாத டப்பாக்கள்

அவர் எழுந்து, மேஜைக்கு அடியிலேர்ந்து ஒரு சாக்குப்பையை இழுத்தார். உள்ளே அம்பதுக்கு மேல டப்பா. ஃபிலிம் ரோல் டப்பா, மாத்திரை டப்பா, பவுடர் டப்பா... ஒண்ணுலகூட எழுத்து இல்லை. பாண்டிச்சேரியில ஒவ்வொரு வாட்ச் கடையா மூடினப்போ, கடைக்காரங்க தங்களோட ஸ்பேர் டப்பாவை இவர்கிட்ட கொடுத்துட்டுப் போயிருக்காங்க. 'எது எதுல இருக்குன்னு ஒரு காலத்துல கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். இப்போ கண்ணைத் திறந்துக்கிட்டாலும் தெரியலை. அதான் உன்னைச் சந்தைக்கு அனுப்பினேன்'னார்.

ரெண்டு மணி நேரம் தேடினோம். அவர் டப்பாவைத் திறந்து ஒரு வெள்ளைத் தட்டுல கொட்டுவார். நான் லென்ஸ் வெச்சுப் பார்த்து, உடைஞ்ச துண்டோட ஒப்பிட்டுச் சொல்வேன். இது நீளம்... இது காடி வேற இடத்துல... இது குட்டை... பதினேழாவது டப்பா. மாத்திரை டப்பா. உள்ளே எண்ணெய்த் தாள்ல சுத்தின ஏழு கம்பி. அசப்புல என் துண்டேதான்! நான் கத்தின கத்துல மாடி வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க.

விலை கேட்டேன். அவர் யோசிச்சார். 'டப்பா எல்லாத்துக்கும் பேர் எழுதிக் கொடு. அதான் விலை. கடை கடையா மூடினவங்க எல்லாம் என்கிட்ட கொடுத்தாங்க. நான் யார்கிட்ட கொடுப்பேன்? பேராவது இருந்தா, எடுத்துக்கிட்டுப் போறவனுக்குப் புரியும்.'

மக்களே, எனக்கு அந்த இடத்துல என்னவோ பண்ணுச்சு. தொழிற்சாலையை மூடினா ஸ்பேர் பார்ட் ஒழிஞ்சிடும்னு நினைச்சேன். அப்படி இல்லை. சென்னை பாரிமுனைப் பக்கத்து சந்துகள்ல, பாண்டிச்சேரி மாடிப்படிக்கு அடியில, உங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில... டப்பாக்குள்ள அது இருக்கு. 'இது அந்த வாட்ச்சுக்கு'ன்னு தெரிஞ்ச ஆள் இருக்கிற வரைக்கும் அது ஸ்பேர் பார்ட். அந்த ஆளும் போயிட்டா, அது கிலோ கணக்குல போற பழைய இரும்பு.

தேய்... பார்... தேய்!

புது ஸ்டெம் அப்படியே மாட்டுறதுக்கு வராது. நீளமா இருக்கும். சாவியில திருகி, வாட்ச்சுல நுழைச்சு, எவ்வளவு வெளியே துருத்திக்கிட்டு நிக்குதுன்னு பார்த்து, அந்த அளவுக்கு வெட்டணும். 'மொத்தமா வெட்டிடாதே. வெட்டினதை ஒட்ட முடியாது. கொஞ்சம் விட்டு வெட்டிட்டு, அரத்தால தேய். மாட்டிப் பார். திரும்பத் தேய்'ன்னார். ஏழு தடவை. எட்டாவது தடவை சாவி கேஸோட ஒட்டி உட்கார்ந்துச்சு. லேப்ல ஃபிட்டிங் எக்ஸர்சைஸ் பண்றப்போ எவ்வளவு சலிச்சுக்கிட்டோம்! அதேதான் இங்கேயும். அளவு மட்டும்தான் பொடிசு.

பெருமை பீத்திக்கக் கூடாதுல்ல? டயலைக் கழட்டி, கீழே விழுந்த லீவரை மாட்டினது, துருவைச் சுத்தம் பண்ணி, புது எண்ணெய் போட்டது எல்லாம் ஐயாதான். சர்வீஸுக்கு 400 ரூபாய் வாங்கினார். நான் வெட்டினது ஒரு கம்பி. பக்கத்துல உட்கார்ந்து பார்த்தது மூணு மணி நேரம்.

நீங்க ஆரம்பிக்கிறீங்களா? இதைக் கிழிச்சு வெச்சுக்கோங்க!

1. திறக்கிறதுக்கு முன்னாடி நோய் என்னன்னு பாருங்க. சாவி கழண்டு கையோட வந்தா ஸ்டெம். எவ்வளவு திருகினாலும் நிறையாம சுத்திக்கிட்டே இருந்தா, மெயின் ஸ்ப்ரிங் பக்கம் கோளாறு இருக்கலாம். முழுசா சாவி நிறைஞ்சும் ஓடலைன்னா, பெரும்பாலும் அழுக்கு, காய்ஞ்ச எண்ணெய். அதுக்கு ஸ்பேரே வேண்டாம், சர்வீஸ் போதும்.

2. வாட்ச் பேரைச் சொல்லித் தேடாதீங்க. மெஷின் நம்பரைப் படிச்சு எழுதிக்கோங்க.

3. உடைஞ்ச பாகம் குப்பை இல்லை. அதுதான் உங்க அளவுச் சட்டை. கூடவே கொண்டுபோங்க.

4. ஸ்பேர் மூணு வகை. பழைய ஸ்டாக்ல பயன்படுத்தாம கிடக்கிறது முதல் சாய்ஸ். செத்துப்போன வாட்ச்சுலேர்ந்து எடுக்கிறது ரெண்டாவது. 'எல்லாத்துக்கும் பொருந்தும்'னு விக்கிறது கடைசி. கண்ணாடி, ஸ்ட்ராப், ஸ்ட்ராப்பைப் பிடிக்கிற ஸ்ப்ரிங் கம்பி மாதிரியானதை அளவு பார்த்து எங்கே வேணா வாங்கலாம். பல்சக்கரம், பேலன்ஸ் வீல் மாதிரி உள்ளே இருக்கிறதுக்கு நம்பர் கட்டாயம்.

5. ஒவ்வொரு ஸ்க்ரூவைக் கழட்டுறதுக்கு முன்னாடியும் மொபைல்ல ஒரு போட்டோ. வெள்ளைத் துணி மேல வேலை. மேலே ஃபேன் ஆஃப். பறந்துபோன ஸ்க்ரூவைத் தேடின அனுபவம் எனக்கு இருக்கு, உங்களுக்கு வேண்டாம்.

6. பழகுறதுக்கு, யாருக்கும் வேண்டாத வாட்ச்சை வாங்குங்க. அப்பா கல்யாண வாட்ச்சுல பழகாதீங்க.

7. இருட்டுல மின்னுற முள், எண் இருக்கிற ரொம்பப் பழைய வாட்ச் கிடைச்சா, திறக்காதீங்க, சுரண்டாதீங்க. 1960-கள் வரைக்கும் அந்தப் பூச்சுல ரேடியம் கலந்தாங்க. மின்னுறது நின்னுபோனாலும் கதிர்வீச்சு நிக்காது.

8. பேலன்ஸ் வீல்ல மயிரிழை மாதிரி ஒரு சுருள் இருக்கும். ஹேர் ஸ்ப்ரிங். வாட்ச்சோட இதயத்துடிப்பே அதுதான். முதல் வருஷம் அதுல கை வைக்காதீங்க. ஐயாவே அதைத் தொடுறப்போ பேச்சை நிறுத்திடுறார்.

சத்தம் மாறியிருக்கு

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தாத்தா கையில வாட்ச்சை வெச்சேன். ஒண்ணும் சொல்லலை. விரலால சாவியைத் தடவினார். திருகினார். உதடு அசைஞ்சுது... ஒண்ணு, ரெண்டு, மூணு... இருபது. காதுல வெச்சார். ரொம்ப நேரம் கேட்டார். எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

'சத்தம் மாறியிருக்கு பாப்பா.'

'எண்ணெய் போட்டிருக்காங்க தாத்தா. உள்ளே கம்பியும் புதுசு.'

'ம்... வாங்கின புதுசுல இப்படித்தான் கேட்டுச்சு.' கட்டிக்கிட்டார். அப்புறம் வழக்கம்போல, 'மணி என்ன பாப்பா?'

இந்த 0231 மெஷின் ஒரு மணி நேரத்துக்கு 18,000 தடவை துடிக்கும். அதாவது நொடிக்கு 5 தடவை. ஒரு நாளைக்கு 4,32,000. தாத்தா வாட்ச் இப்போ தினம் நாலு நிமிஷம் வேகமா ஓடுது. கணக்குப் போட்டா 0.28 சதவிகிதம் பிழை. 'சரி பண்ணிடலாம் தாத்தா, ஐயாகிட்ட கொடுக்கிறேன்'னேன். 'வேணாம். முன்னாடி ஓடினா நல்லதுதான். வேலைக்கு லேட்டாகாது'ன்னுட்டார்!

சந்தையில வாங்கின வாட்ச் இப்போ என் கையில. விரிசல் கண்ணாடியை இன்னும் மாத்தலை. அளவு எடுத்து வெச்சிருக்கேன். யார் கல்யாணத்துக்கு வாங்கினதோ, யார் கையிலேர்ந்து கழட்டினதோ தெரியலை. தினம் காலையில நானும் எண்ணி இருபது திருகு திருகுறேன்.

ஐயாவோட டப்பாக்கள்ல இதுவரைக்கும் இருபத்தி மூணுக்குப் பேர் எழுதியாச்சு. மீதியை மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை போய் எழுதுறேன். சில டப்பாவைக் கொட்டினா, ஐயாவுக்கே என்னன்னு தெரியலை. அதுக்கு மட்டும் மேலே ஒரு கேள்விக்குறி போட்டு வெச்சிருக்கேன். இப்போ எண்ணிக்கை நாலு.

உங்க ஊர்லேயும் ஒரு ஐயா இருப்பார். அடுத்த தடவை பஸ் ஸ்டாண்டு போறப்போ, பேட்டரி மாத்துற மேஜைக்குப் பின்னாடி கொஞ்சம் எட்டிப் பாருங்க. பேர் இல்லாத டப்பா இருந்தா, ஒரு மார்க்கர் பேனாவோட போய் உட்காருங்க. வாட்ச் ரிப்பேர் கத்துக்க ஃபீஸ் அவ்வளவுதான்!

அடுத்த வாரம்... ஹாஸ்டல் அயர்ன் பாக்ஸ். அதை உடைச்சது நான் இல்லை. சத்தியமா!